நபுக்கோவுக்குக் கிடைத்த ஒன்ஸ்மோர்

வெர்டியின் 'நபுக்கோ' ஓப்பரா பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைச் சரிபார்ப்பது எப்படி என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு கட்டுரை கைக்கு வந்தால் முதலில் எதைச் சோதிப்பீர்கள்?

படிக்கும்போது எந்தப் பத்தியில் கண் கலங்குகிறதோ, அதை. தேதி தப்பினால் யாராவது திருத்திவிடுவார்கள். உருக்கமான கதையைத் தொட யாருக்கும் மனம் வராது. அது நூலுக்கு நூல் அப்படியே தாவிக்கொண்டிருக்கும்.

'நபுக்கோ'வில் அப்படி என்ன உருக்கம்?

1842 மார்ச் 9. மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முதல் காட்சி. ஊர் ஆஸ்திரியர் கையில். பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் இழந்த மண்ணை நினைத்து 'வா, பென்சியேரோ' என்று சேர்ந்து பாடுகிறார்கள். அதில் தங்கள் நிலையைக் கண்ட இத்தாலியர்கள் கொதித்தெழுந்து, ஒன்ஸ்மோருக்கு இருந்த தடையையும் மீறி அதைக் கேட்டார்களாம். பல கட்டுரைகள் இதை நடந்ததாகவே எழுதிவிட்டன.

இசை ஆய்வாளர் ரோஜர் பார்க்கர் அந்தக் காலத்துப் பத்திரிகை விமர்சனங்களைப் புரட்டினார். ஒன்ஸ்மோர் கேட்டது உண்மைதான், பாட்டுதான் வேறு. நான்காம் பகுதியில், விடுதலை பெற்ற யூதர்கள் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பாடும் 'இம்மென்சோ ஜெஹோவா' என்ற துதிக்குத்தான் அந்த ஆரவாரம்.

அப்படியானால் 'வா, பென்சியேரோ'வின் புகழ் வெறும் கட்டுக்கதையா?

இல்லவே இல்லை. பெரும்பகுதியை எல்லாக் குரலும் ஒரே சுரத்தில் பாடும்படி வெர்டி அமைத்த பாட்டு அது. ஒருமுறை கேட்டவர் வாயில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 1901 ஜனவரியில் வெர்டி மறைந்தார். ஒரு மாதம் கழித்து அவர் உடலை, முதிய இசைக்கலைஞர்களுக்காக அவரே கட்டிய இல்லத்துக்கு மாற்றியபோது, டோஸ்கானினி நடத்த, 800க்கும் மேற்பட்டவர்கள் இதைத்தான் பாடினார்கள். புகழ் உண்மை, வந்து சேர்ந்த காலம்தான் வேறு. பிற்காலத்து நாட்டுப்பற்றை 1842ஆம் ஆண்டின் இரவுக்குள் கொண்டுபோய் வைக்கும் வரியைத்தான் நீக்கச் சொல்கிறேன்.

ஆஸ்திரியர்களை எதிர்க்கத்தானே வெர்டி இதை எழுதினார்?

அச்சான இசைப்பிரதியின் சமர்ப்பணப் பக்கத்தைப் பாருங்கள். ஆஸ்திரிய இளவரசி அடிலெய்டுக்கு! லொம்பார்தி-வெனிசியாவை ஆண்ட ஆஸ்திரியப் பிரதிநிதி ரெய்னரின் மகள் அவர். 1842 ஏப்ரலில் அவர் மணந்துகொண்ட வித்தோரியோ இமானுவேலே, 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னரானார். இந்த ஒரு தகவலைச் சேர்த்தால் கட்டுரையின் அரசியல் பத்தியை முழுக்கத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். எழுதட்டும்.

வெர்டியே சொன்ன கதையைக்கூடச் சந்தேகப்படலாமா?

அதைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

பின்னணி இது. இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். 1840 ஜூனில் மனைவி மார்கெரிட்டாவும் போய்விட்டார். செப்டம்பரில் வெர்டியின் நகைச்சுவை ஓப்பரா ஒரே காட்சியோடு விழுந்தது. இனி எழுதுவதில்லை என்றிருந்தவரிடம் லா ஸ்காலாவின் நிர்வாகி மெரெல்லி, சொலேரா எழுதிய 'நபுக்கோ' நாடகப் பிரதியைத் திணித்தார்.

1879இல் பதிப்பாளர் ரிக்கோர்டியிடம் சொன்னது: வீட்டுக்கு வந்து பிரதியை மேசைமேல் வீசினேன், அது 'வா, பென்சியேரோ' பக்கத்தில் திறந்துகொண்டது, அன்றிரவு தூக்கமே இல்லை. வெர்டி சொன்னதாக 1869இல் லெஸ்ஸோனா என்பவர் எழுதிய நூலில் வருவதோ வேறு. பிரதி ஐந்து மாதம் மூலையில் கிடந்தது. வெர்டி மட்டமான நாவல்களைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கடைசிக் காட்சியான, அபிகாயில் என்ற பாத்திரத்தின் மரணத்தை எடுத்து இசையமைத்தார்.

முதல் கதையைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. துக்கத்தில் மூழ்கிய மனிதர் மாதக்கணக்கில் சும்மா கிடப்பது இயல்பு. ஆனால் என் விருப்பம் கட்டுரைக்கு உதவாது. இரண்டையும், சொன்ன ஆண்டோடு போட வேண்டும். இரண்டுமே சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துச் சொன்னவை.

முதல் ஆண்டில் 57 காட்சிகள் என்பது சரியா?

57 இலையுதிர் பருவத்துக்கு மட்டும். அதற்கு முன் வசந்தத்தில் 8.

இந்தக் கட்டுரைகளில் விட்டுப்போவது எது?

பாட்டு! கதைச் சுருக்கம் இரண்டு பக்கம் ஓடும், இசைக்கு இரண்டு வரி. அபிகாயில் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தான் அடிமைக்குப் பிறந்தவள் என்று சொல்லும் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பாடும் இடத்தில், ஆத்திரம் உச்சிக்குப் போய் ஒரே பாய்ச்சலில் இரண்டு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஒரு சொப்ரானோவிடம் கேட்கக் கூடாத வேலை. முதல் காட்சியில் அதைப் பாடியவர் ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனி. பல கட்டுரைகளில் அவருக்கு இருக்கும் ஒரே அடையாளம், பின்னாளில் வெர்டியின் மனைவியானார் என்பது. அந்த வரி இருக்கட்டும். அதற்கு முன்னால், வெர்டி அவர் குரலிடம் என்னவெல்லாம் கேட்டார் என்று ஒரு பத்தி வேண்டும்.