வண்டி பார்க்க வரும் அண்ணன்

சென்னையில் பழைய பைக் ஒன்று வாங்கலாமென்று வாய் திறந்தால் போதும், ஏரியாவில் ஒரு அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "நீ வாயே தொறக்காத தம்பி, நான் பேசிக்கிறேன்." மெக்கானிக்கா என்றால் இல்லை. புதுப்பேட்டையில் பாதிக் கடைக்காரர்களை அவருக்குத் தெரியும். அவர்களுக்கு இவரைத் தெரியுமா என்று யாரும் விசாரித்ததில்லை.

விற்பவர் வாசலில் ஸ்பிளெண்டர் பளபளவென்று நிற்கும். அண்ணன் முதல் வேலையாக இஞ்சின்மேல் உள்ளங்கையை வைப்பார். சுட்டால், நமக்கு ஒரு கண்ஜாடை. காலையில் முதல் உதைக்கு மக்கர் பண்ணும் வண்டியை, நாம் வருமுன்பே சூடேற்றி வைத்திருக்கிறார்களாம். இது அசல் வித்தைதான், மறுக்க முடியாது. அடுத்து சைலன்சருக்குப் பின்னால் குந்துவார். நீலப்புகை வந்தால், "ரிங் போச்சு, ஆயில் குடிக்குது." வராவிட்டால், "புகையே வரல, என்னமோ பண்ணியிருக்கானுங்க."

"சிங்கிள் ஓனர் சார், ஆபீஸ் போய் வர்றதோட சரி" என்பார் விற்பவர். அண்ணன் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "ஆபீஸ் டெல்லியிலயா?"

கேட்ட விலையில் பாதிதான் அவர் வாயில் வரும். ஒத்துவராவிட்டால் விறுவிறுவென்று தெருமுனைவரை நடப்பார், கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடாவிட்டால், "சாவியை வச்சிட்டு வந்துட்டேன்" என்று தானே திரும்புவார்.

என்ன வண்டி பார்த்தாலும், "ஆர்எக்ஸ் 100 மாதிரி வராதுப்பா" என்று ஒரு பெருமூச்சு உண்டு. அதன் உற்பத்தி நின்றது 1996-ல். கிண்டிவரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவனுக்கு, பெட்ரோல் குடிக்காத 97.2 சிசி ஸ்பிளெண்டர் தாராளம் என்றால் முகம் வாடிவிடும்.

இத்தனை துருவும் அண்ணனிடம் ஆர்.சி.யை நீட்டினால் மட்டும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார்! ஆகவே அவர் டீக்கடைக்கு நகரும் நேரத்தில் நீங்களே பாருங்கள். சேஸிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா? பதிவின் 15 வருடத்தில் மிச்சம் எவ்வளவு? பைனான்ஸ் பெயர் அதில் இருந்தால், கடன் அடைத்த என்ஓசியும் படிவம் 35-ம் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். டீ காசும் உங்கள் கணக்குதான்.