வாட் போட்ட குதிரைக் கணக்கு

ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்தியது பள்ளிப் பாடம். அதற்குக் காசு வசூலித்த விதம் பாடத்தில் இல்லை. பழைய நியூகாமன் நீராவி இயந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கை இயந்திரம் வாங்கியவர் அவருடைய போல்டன்-வாட் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். மிச்சம் பிடித்தாலும் தண்டம்!

குதிரையைப் பூட்டி ஆலை ஓட்டியவரிடம் கரியே கிடையாது. மிச்சத்துக்கு எங்கே போவது? அந்த வசூல் சிக்கலுக்குக் கைகொடுக்க வந்ததுதான் குதிரைத்திறன். ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் என்று எழுதினார் வாட். பொழுதுக்கும் அப்படி இழுக்கச் சாதாரணக் குதிரையால் ஆகாது. தெரிந்தேதான் கையைத் தாராளமாக விட்டார் என்பார்கள். இயந்திரம் வாங்கியவர், “இதுக்கு என் குதிரையே தேவலை” என்று சண்டைக்கு வரக் கூடாதல்லவா?

1775இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த வசூலுக்கு ஆதாரமான அவருடைய காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. அது காலாவதியாகி இரண்டு நூற்றாண்டு ஆகிறது. நாமோ இன்னும் ஷோரூமில் பைக்கின் டேங்கைத் தடவியபடி, “எத்தனை ஹெச்பி?” என்கிறோம். வாட்டுக்கு வரவேண்டியது வந்து சேர்ந்தது. பெயரைக் கொடுத்த குதிரைக்குத்தான் இன்றுவரை ராயல்டியாக ஒரு பிடி கொள்ளுகூடப் போகவில்லை.