வடை உண்ணப்பட்டது

கீரனூர் பேருந்து நிலையத்தருகே டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் கர்மா பற்றிய பாடம் இலவசம். "சர்க்கரை தூக்கலா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வடையையும் எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் பெருமூச்சு விடுகிறார்: "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ, சுகர் 300." அவ்வளவு தூரம் போவானேன்? பாவம் கையிலேயே இருக்கிறது, தேங்காய்ச் சட்னியோடு. ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு திருச்சி சாலையில் ஏறுகிறவர், "தலையெழுத்துப்படிதான் நடக்கும்" என்கிறார். எழுத்தை மறைக்கக் கூடாதென்ற மரியாதை போலும்.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்ற குகையில், சமண முனிவர்களுக்கு வெட்டிய 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. தலையணையும் கல்தான். அவர்கள் கணக்கில் வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்துகள். ஆசையும் கோபமும் அதற்குப் பசை. ஒட்டாமல் தடுப்பதும் ஒட்டியதை உதிர்ப்பதும் அவரவர் வேலை. நாமோ அதே ஊரின் குகைக்கோயில் ஓவியத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு, வெயிலென்று திரும்பிவிடுகிறோம்.

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்தோம். ஊரில் செய்வினை என்றால் எலுமிச்சம்பழம், குங்குமம், அடுத்தவன் வைத்தது. நம் பங்குக்கு எல்லாமே செயப்பாட்டுவினை: கடன் வாங்கப்பட்டது, பஸ் தவறவிடப்பட்டது, வடை உண்ணப்பட்டது.

"அண்ணே, மாத்திரை போட்டீங்களா?" என்கிறார் கடைக்காரர்.

"போடணும்ப்பா," பெரியவர் இரண்டாவது வடைக்குக் கை நீட்டுகிறார். "அதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்ல."