வேண்டுதலா சார்?

நெதர்லாந்தில் இருக்கும் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஊதாப் பூ பூத்த பொட்டல் வெளி, நடுவே பொடிக்கல் பாதை, கோடியில் காடும் ஒரு நீர்நிலையும். பாதையில் அவன் சைக்கிள் மட்டும். "மாமா, நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், ஒரு ஹாரன் சத்தம் கேட்கலை" என்று கீழே எழுதியிருந்தான். அதைப் படித்தபோது நான் திருவான்மியூர் சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை என் முதுகெலும்பிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே ஒரு கிராவல் பைக் வாங்கிவிட்டேன். பந்தய சைக்கிளுக்கும் மலையேறும் சைக்கிளுக்கும் பிறந்த பிள்ளை அது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார் அப்பா ஜாடை, தடித்த டயர் அம்மா ஜாடை. கிராவல் என்றால் சரளைக்கல். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. மெட்ரோ ரயிலுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டிய பிறகு வீட்டு வாசலுக்கே சரளை வந்துவிட்டது. வண்டி ஓடாத சரளைதான் கிடைக்கவில்லை.

விலை தொண்ணூற்றிரண்டாயிரம். வீட்டில் நாற்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறேன். அடுக்குமாடி வாட்ச்மேன் சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டு போட காசு பத்தலையா சார்?" என்று கேட்டார். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல்கூட இல்லை. என்னென்ன இல்லையோ அதற்கெல்லாம் சேர்த்துத்தான் விலை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சென்னையில் காடு இருக்கிறது. கிண்டியில் 270 ஹெக்டேர் தேசியப் பூங்காவே இருக்கிறது. ஆனால் நம் ஊரில் காட்டுக்குச் சுவர் உண்டு, சுவருக்கு வாயில், வாயிலுக்கு ஒரு காவலர். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் போதும், அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். சரி, ஈசிஆருக்குப் போகலாமென்றால், ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கே உடம்போடு ஒட்டிய சட்டை போட்ட இளைஞர்கள் மாமல்லபுரத்தை நோக்கி அம்பு மாதிரி பறக்கிறார்கள். அவர்களுக்கு நான் டிராபிக்.

பையன் அனுப்பிய நிலத்துக்கு ஆங்கிலத்தில் ஹீத் என்று பேர். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் பெயரில் ஒளிந்திருப்பதும் அதுதான். தமிழில் அதற்கு என்ன சொல் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். புதர்க்காடு? தரிசு? கரம்பு? பையனையே கேட்டேன். "மரத்தை வெட்டி, நூற்றுக்கணக்கான வருஷம் ஊர் ஆடுகளை மேயவிட்டதால் உண்டான வெளி மாமா. ஆடு மேயாவிட்டால் மறுபடியும் காடாகிவிடும். அதனால் இப்போதும் செம்மறியை விட்டு மேய்க்கிறார்கள்" என்றான். ஊர்ப் பொது நிலம், ஆடு மேயும் இடம், யாருக்கும் பட்டா கிடையாது. அடப்பாவி, இது மேய்க்கால் புறம்போக்கு அல்லவா! கிராமக் கணக்கில் ஒவ்வொரு ஊருக்கும் எழுதி வைத்திருப்பார்களே! அங்கே தேசியப் பூங்கா ஆக்கி அதில் இலவச சைக்கிளும் விடுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லால் ஒருத்தனைக் கூப்பிட்டால் சட்டையைப் பிடிக்க வருவான்.

புறம்போக்கு கிடைத்துவிட்டது, இனி ஏரி. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். அரசுக் கணக்கிலேயே ஐந்நூறுக்கு மேல். ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, காரில் திணித்து, வேடந்தாங்கல் பக்கம் புறப்பட்டோம். "டிராபிக் இல்லாம சைக்கிள் விடறதுக்கு ரெண்டரை மணி நேரம் டிராபிக்ல கார் ஓட்டறோம்" என்றாள் மனைவி. சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது சொன்னதால் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

அவளுக்குப் பறவை பார்க்க வேண்டும். வேடந்தாங்கல்காரர்கள் விவரமானவர்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டு, அவற்றைச் சுட வந்தவர்களை எதிர்த்துக் கலெக்டரிடம் 1798-லேயே காப்பு வாங்கி வைத்தார்கள். சரணாலயக் கரையில் சைக்கிளுக்கு வேலையில்லை. அதனால் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து ஏரியருகே என்னை இறக்கிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கரைமேல் ஏறினேன். பொய் சொல்லக் கூடாது, அற்புதம். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் பத்தடி கீழே நெல் வயல், நடுவே சரளை கலந்த செம்மண் தடம். காரையும் களாவும் ஆவாரையும் மண்டிய மேடு. தூரத்தில் பனைவரிசை. ஒரு நாமக்கோழி, ஒரு மீன்கொத்தி. ஹாரன் இல்லை. பத்து நிமிஷத்தில் எனக்கே பயமாகிவிட்டது, காது அடைத்துவிட்டதோ என்று. எதிரே நாலு எருமை வந்தன. பெல் இல்லாததால் "அம்மா, கொஞ்சம் வழி" என்று வாயால் சொன்னேன். அவை நகரவில்லை. நான் இறங்கி நின்று வழிவிட்டேன்.

எருமைகளுக்குப் பின்னால் வந்த பெரியவர் கேட்டார்: "எங்க சார் போவணும்?"

"எங்கயும் இல்லை. ஏரியைச் சுத்தி வரணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேண்டுதலா சார்?"

இல்லை என்றேன். "அப்ப எதுக்கு சுத்தணும்? தோ, கலங்கலோட கரை முடிஞ்சிது. அந்தாண்ட கரை கெடயாது. தண்ணி எதுமுட்டும் வருதோ அதுமுட்டும் ஏரி."

ஐம்பத்தைந்து வயதுக்குமேல் எனக்கு ஏரி என்றால் என்ன என்பது புரிந்தது. பையன் ஊர் ஏரி பள்ளம். சுற்றிவர ஓரம் உண்டு. நம் ஏரி சரிவு நிலத்தின் தாழ்ந்த பக்கம் பிறை மாதிரி மண்கரை போட்டு மழைத் தண்ணீரை மறித்தது. மேல்பக்கம் திறந்த வாசல். தண்ணீர் நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. கரை உடைந்தால் ஊர் போச்சு. அதனால்தான் பக்கத்து மதுராந்தகத்தில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு வந்து ராத்திரி முழுக்கக் கரையைக் காவல் காத்ததைக் கலெக்டர் லயனல் பிளேஸ் பார்த்ததாகக் கதை. கோயிலுக்கே ஏரி காத்த ராமர் என்று பேர். கரையில் நின்று காக்கலாம். சுற்றிவர ராமராலும் முடியாது.

ஆனாலும் சென்னைக்காரன் ஒருவன் சொன்னதைக் கேட்டான் என்று சரித்திரம் உண்டா? கலங்கலைத் தாண்டி மறுபக்கம் இறக்கினேன். முந்நூறு அடியில் முன்சக்கரம் சேற்றிலும், அதை மீட்டு மேட்டில் ஏற்றினால் பின்சக்கரம் நெருஞ்சியிலும் மாட்டின. அமெரிக்காவில் நெருஞ்சிக்குப் பஞ்சர் கொடி என்றே பெயர். அதைவிடப் பெரிய யானை நெருஞ்சி ஒன்று இருக்கிறது. அதன் தாவரவியல் பெயர் பெடாலியம். என்னை எதிர்பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

மாற்று ட்யூபும் பம்பும் பத்திரமாகக் காரில் இருந்தன.

பெரியவரின் சைக்கிள் வேலமரத்தடியில் சொந்த ஸ்டாண்டில் நின்றிருந்தது. வயது நாற்பதாவது இருக்கும், கேரியரில் புல்லுக்கட்டு. ஒரு கையால் என் வண்டியைத் தூக்கி அந்தக் கட்டின்மேல் வைத்துக் கயிறு போட்டார். "வெயிட்டே இல்லியே, ஏமாத்திட்டாங்களா? எவ்ளோ ஆச்சு?" என்றார். நாலு எருமைக்குச் சொந்தக்காரரிடம் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று சொல்ல நாக்கு கூசியது.

"எட்டாயிரம்" என்றேன்.

ஊருக்குள் பஞ்சர் கடைக்கார இளைஞன் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி பார்த்து, சொல்யூஷன் தடவி, அழகாக ஒட்டுப் போட்டான். காற்றடிக்கப் போனால் பம்பின் வாய் பொருந்தவில்லை. என் வால்வு ஊசி மாதிரி மெலிந்த வெளிநாட்டு வகை. "இன்னா சார் இது, ஊசி போடற எடம் மாரி கீது?" என்று அதை அழுத்திப் பார்த்தான். உள்ளே மிச்சமிருந்த காற்றும் போனது. தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஸ்டாண்டு எங்கே என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்.

போன் செய்ததும் கார் வந்தது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று உற்சாகமாகப் பட்டியல் போட்டுக்கொண்டே மனைவி இறங்கினாள். பெரியவர் அவளிடம் என் சார்பில் நியாயம் கேட்டார்.

"பாரும்மா, எட்டாயிரம் குட்து வாங்கிக்கிறாரு. ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, காத்துகூட அடிக்க முடியல. அந்தக் கடக்காரன சும்மா வுடாதீங்க."

"எட்டாயிரமா?" என்றாள்.

அதற்குமேல் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. பெரியவருக்கு நன்றி சொன்னாள், இளைஞனுக்குப் பணம் கொடுத்தாள். சுங்கச்சாவடி வரிசையில் வண்டிகள் நின்றபோதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மீதி முப்பத்திரண்டாயிரம் எங்கே?"

பணத்தை நான் எங்கும் கொண்டுபோகவில்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான், ரசீதைக் காட்டுவது. அதில் தொண்ணூற்றிரண்டு இருக்கும். நான் வாயைத் திறந்தபோது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நீளமாக, நிறுத்தாமல்.

"என்ன கேட்டே? சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை" என்றேன்.