காக்கைத்தீவின் வெளிவிவகார அமைச்சர்

களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில், மட்டக்குளியின் முடிவில், காக்கைத்தீவுக் கடற்கரை. போன ஞாயிறு மாலை அங்கே ஒரு காக்கை கழுத்துப்பட்டியோடு என் முன்னால் வந்து நின்றது. காக்கைகளுக்கு அரசாங்கம் அமைந்துவிட்டதாம். தான் வெளிவிவகார அமைச்சராம். ‘தனிநாடு’ என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கவில்லை. கொழும்பில் பிறந்த காக்கை.

“ஐயா, வெளிநாடுகளோட எப்பிடிப் பழகிறது? உங்கட ஆக்களுக்கு அனுபவம் கூட எண்டு கேள்வி.”

இருக்கிற அனுபவத்தைச் சொன்னேன்.

2021 மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார். இனி எல்லாம் சேதனப் பசளை. பசளை எங்கே என்று கேட்டால், கையில் இல்லை. மாடும் சாணமும் உள்ள நாடு சீனாவிடம் ஓடர் கொடுத்தது. கிங்டாவோ சீவின் நிறுவனத்தின் 20,000 தொன்னோடு ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பல் புறப்பட்டது. மாதிரியைச் சோதித்த எங்கள் அதிகாரிகள், எர்வினியா பக்டீரியா இருக்கிறது, இறக்கக்கூடாது என்றார்கள். கதவு திறக்காத வீட்டைச் சுற்றும் கலியாணத் தரகரைப்போலக் கப்பல் தீவைச் சுற்றியது. நடுவில் பெயரையும் மாற்றிக்கொண்டது.

நீதிமன்றம் காசைத் தடுத்தது; மக்கள் வங்கி கட்டவில்லை. ஒக்டோபர் 29இல் சீனத் தூதரகம் எங்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. எங்கள் ஊரில் இருந்துகொண்டே. சில நாளில் ஜனாதிபதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போய்ச் சேதன விவசாயத்தின் பெருமை பேசினார். அந்த நவம்பர் முடிவதற்குள் தடையே நீங்கிவிட்டது.

“அப்ப கப்பலைக் கலைச்சுப்போட்டீங்க?”

“ஓம். 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டிக் கலைச்சம்.”

“பசளை?”

“இறக்கவேயில்லை.”

காக்கை வெகுநேரம் பேசவில்லை. “நாங்க குப்பை கிளறித்தான் பிள்ளையள வளர்க்கிறம். ஆனா, வாய்க்கு வராத குப்பைக்கு ஒருநாளும் காசு குடுத்ததில்லை.”

எனக்கு வெட்கம் முந்தியதா, கோபம் முந்தியதா தெரியவில்லை. அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. விடியற்புறம் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசைக்குப் போன எங்கள் தெருப் பெண்களிடமோ, விளைச்சல் இழந்த விவசாயியிடமோ மன்னிப்புக் கேட்க ஒருவரும் வரவில்லை. கேட்கவேண்டியவர் ஜூலையில் மாலைதீவுக்குப் பறந்து, அங்கிருந்து சிங்கப்பூர் போய், இராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார். ‘தனிப்பட்ட பயணம்’ என்றது சிங்கப்பூர். செப்டெம்பரில் அவர் திரும்பி வந்தபோது அமைச்சர்மார் மாலையோடு விமான நிலையத்தில் நின்றார்கள்.

அமைச்சர் கழுத்துப்பட்டியைக் கழற்றி மணலில் போட்டது. பறக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டது:

“இறக்கமுதல் மாதிரி எடுத்துப் பார்த்தீங்களா?”