அரை டம்ளர் டீ

இந்தக் கட்டுரையில் என் பெயரைத் தேட வேண்டாம். பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர் தன் பெயரை வெளியிடக்கூடாது என்பது, குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பதினோராவது மரபு. காதுகுத்துக்கே தாய்மாமன் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டுகிற ஊரில், நாலு பேருக்கு நல்லது செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குடித்த காலத்திலாவது தெருமுனைப் பெட்டிக்கடையின் பாக்கி நோட்டில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. திருந்தியதும் அதையும் அடித்துவிட்டார்கள்.

குழுவில் சேர்ந்து கொஞ்ச காலம் குடிக்காமல் தாக்குப்பிடித்ததும், சேவை செய்ய முன்வந்தேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். செயலாளர், போனால் போகிறது பொருளாளர் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்னாலேயே குடியை விட்டு எனக்கு வழிகாட்டுகிறவர், பஸ் கண்டக்டராக இருந்தவர். சில்லறை கேட்ட பயணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கெட்டில் அந்த மூலையில இருக்கு சார்" என்றார். இங்கே பொறுப்பில் இருப்பவர்கள் நம்பிக்கைக்குரிய ஊழியர்கள், ஆள்கிறவர்கள் அல்ல என்பது இரண்டாவது மரபாம். ஊழியராக இருந்தபடியே ஆண்டு பழகியவனுக்கு இது எப்படி ஜீரணமாகும்?

டீயில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு அரை டம்ளர்தான் ஊற்ற வேண்டும். குடியை நிறுத்திய முதல் நாட்களில் கை நடுங்கும். முழு டம்ளர் கொடுத்தால் பாதி சட்டையில் கொட்டும், கூச்சத்தில் ஆள் அடுத்த வாரம் வரமாட்டார். அரை அரையாக எத்தனை தடவை கேட்டாலும் கொடுக்கலாம். சர்க்கரையிலும் கை தாராளம் வேண்டும். குடிக்கத் தோன்றும்போது இனிப்பாக எதையாவது சாப்பிடச் சொல்லி 1975-ல் வந்த 'லிவிங் சோபர்' என்ற இயக்க நூலே யோசனை சொல்கிறது. நானோ நீரிழிவுக்காரன். என் டாக்டர் எனக்குப் போட்ட பத்தியத்தை மொத்தக் கூட்டத்துக்கும் போட்டதில், பகிர்தல் நேரத்தில் ஒருவர் எழுந்து, "என் பிரச்சினை குடி இல்ல, இந்த டீதான்" என்று பகிர்ந்துகொண்டார்.

குடும்பத்தினரும் வரலாம் என்ற திறந்த கூட்டம் ஒன்றுக்கு மனைவி வந்தாள். கூட்டம் முடிந்ததும் நான் டம்ளர் கழுவினேன், துடைத்துக் கவிழ்த்தேன், நாற்காலிகளை அடுக்கினேன். ஓரமாக நின்று கடைசிவரை பார்த்தாள். "என்னங்க, தண்ணியில கை வச்சா உங்களுக்கு ஒத்துக்காதுன்னு இல்ல நினைச்சுட்டிருந்தேன்?" என்றாள். அன்று இரவு வீட்டுத் தொட்டியில் பாத்திரங்கள் எனக்காகக் காத்திருந்தன.

பிறகு ஒரு படி உயர்த்தி, புதியவர்கள் இரவில் கூப்பிட என் கைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். டாஸ்மாக் கடை இரவு பத்து மணிக்கு மூடும். ஆகவே ஒன்பதரைக்கு மேல்தான் என் எண்ணுக்கு மவுசு. "சார், கால் தானா அந்தப் பக்கம் போகுது" என்பான் ஒரு பையன். பத்து மணி வரைக்கும் அவனைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு என்னைவிடத் தோதான ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனவனின் கதை, காணாமல் போன கோப்பின் கதை என்று வீட்டில் யாரும் காது கொடுக்காத சரக்கையெல்லாம் அவிழ்த்துவிடுவேன். கொட்டாவி கேட்கும். கடிகாரத்தைப் பார்ப்பேன், பத்தடித்திருக்கும். பத்துக்கு மேலும் சில இடங்களில் கிடைக்கும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

குடிப்பவர் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போக வேண்டும். ஸ்பான்சரோடு ஒருமுறை போனேன். என் குடி வரலாற்றை உருக்கமாகச் சொன்னேன். அந்த மனிதர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா? அப்ப நான் இன்னும் குடிக்கவே ஆரம்பிக்கல போல" என்றார். கண்டக்டர் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மனிதரின் வேர்வையையும் கையையும் பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டார். பல காலம் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் நம் கதை.

நான் அந்த இரவுகளில் பேசிப் பிடித்து வைத்த பையன் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டான். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. இயக்கத்தைத் தொடங்கிய பில் வில்சனுக்கே இதே கதிதான். நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், 1934 டிசம்பரில் குடியை விட்டவர், மாதக்கணக்கில் குடிகாரர்களைத் துரத்தித் துரத்தி உபதேசம் செய்தார். ஒருவரும் திருந்தவில்லை. மனைவி லோயிஸ்தான், "நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே" என்று சொன்னாராம். அடுத்த மே மாதம் ஓஹியோ மாநிலத்து ஆக்ரனில், வியாபாரம் கவிழ்ந்து ஹோட்டல் முகப்பறையில் நின்றார். ஒருபக்கம் பார், மறுபக்கம் தொலைபேசி. தான் தப்பிக்க இன்னொரு குடிகாரனிடம் பேசியாக வேண்டும் என்று தோன்றி, தொலைபேசிப் பக்கம் போனார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று கண்டிப்பாக வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். இடையில் ஒருமுறை சறுக்கிய அவருக்கு, ஆபரேஷனுக்கு முன் கைநடுக்கம் அடங்க பில் கொடுத்த பீர்தான் கடைசிக் குடி. 1935 ஜூன் 10-ஐ இயக்கத்தின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். மேசைமேல் படுத்திருந்த நோயாளியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன், லோயிஸ் சொன்னதுபோல ஏதாவது சொல்வாள் என்ற நப்பாசையில். "அந்தப் பிள்ளை திரும்பி வரும், விடுங்க. ஒன்பதரைலேருந்து பத்து வரைக்கும் நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது பாருங்க, எனக்கு அது போதும்" என்றாள்.

பையன் திரும்பி வந்தான். பொறுப்புகள் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்பதால், பிற்பாடு என் கெட்டிலையும் அவனே வாங்கிக்கொண்டான். முதல் வாரமே இஞ்சி தட்டிப் போட்டான். எல்லாரும் ஆகா என்றார்கள். இஞ்சிக்கு மரபில் இடமில்லை என்று ஆட்சேபம் எழுப்பினேன். யாரும் வழிமொழியவில்லை.

இதற்கிடையில் மனைவி ஆல்-அனானில் சேர்ந்துவிட்டாள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் லோயிஸும் அவர் தோழியும் தொடங்கிய அமைப்பு. எனக்குக் கடைசிவரை கிடைக்காத செயலாளர் பதவி அங்கே அவளுக்குப் போன கையோடு கிடைத்தது. கூட்ட நாளில் இரவுச் சமையல் என் பொறுப்பு. இதற்கும் சுழற்சி முறை உண்டா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கூட்டத்துலதாங்க" என்று செருப்பை மாட்டினாள். "சட்னிக்குத் தேங்காய் துருவி வச்சிருக்கேன், அரைச்சுக்குங்க."