நாக்குக்கு வக்காலத்து

*ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் காபி குடிக்கிறேன். "ஈரல் வெந்துபோகும்" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிஜமா?*
– ஃபில்டர் காபி பக்தர், கும்பகோணம்

வீட்டில் உறுப்பை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். காபியால் அதிக லாபம் அடைவதாகத் தெரிவதே ஈரல்தான். காபி குடிப்பவர்களுக்கு ஈரல் சுருக்க நோயும் ஈரல் புற்றுநோயும் குறைவாக வருகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் விஷயத்திலும் அப்படித்தான். அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த ஒரு கட்டுரை 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நாளுக்கு மூன்று, நான்கு கப் குடிப்பவர்களிடம்தான் பலன் அதிகம் தெரிகிறது என்றது அது. உங்கள் எண்ணிக்கை கச்சிதம்.

காபிக்கு இந்த மரியாதை லேசில் கிடைத்துவிடவில்லை. நூறு வருடங்களுக்கு முன்னால் நம் ஊரில் அதைப் புதுப் பழக்கம், கெட்ட பழக்கம் என்று திட்டித் தீர்த்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலைப் படித்தால் அந்த வசவுகளை ரசிக்கலாம், கையில் காபியோடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சளைத்ததல்ல. 1991-ல் 'சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்று காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 25 வருடம் கழித்து, 2016-ல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிவிட்டுப் பெயரை எடுத்தது.

எடுத்த கையோடு இன்னொன்றைச் சேர்த்தது: 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை வரவழைக்க வாய்ப்பு இருக்கிறதாம். டபராவில் நாலு தடவை ஆற்றிக் குடிக்கச் சொன்ன மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

இனி உங்கள் டம்ளருக்குள் எட்டிப் பார்க்கலாம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு எட்டு ஸ்பூன், ஏறத்தாழ 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஈரலுக்குக் காபி செய்யும் உபகாரத்தைச் சர்க்கரை பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். தூளில் சிக்கரி எத்தனை சதவிகிதம் என்பதையும் பாக்கெட்டில் பாருங்கள். ஆராய்ச்சி எல்லாம் காபிக்கு நடந்தது, சிக்கரிக்கு அல்ல. ராத்திரி ஏழு மணி டம்ளரையும் யோசிக்கவும். உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கு மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தால் குற்றவாளி அதுதான்.

*டீக்கு இந்த மாதிரி ஏதாவது உண்டா?*
– மலைக்காரர், கோத்தகிரி

உண்டு. ஆனால் உங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர்கள் என்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். டீயில் இருக்கும் டானின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் மறிக்கும். ரத்தசோகை இவ்வளவு அதிகமுள்ள நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

*டார்க் சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஆதாரத்தோடு!*
– கல்லூரி மாணவி, கோவை

அந்த ஆதாரத்தின் பூர்வீகம் எனக்குத் தெரியும். 2015-ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்களோடு சேர்ந்து திட்டமிட்டு ஆடிய நாடகம் அது. பதினைந்து பேரை வைத்து மூன்று வாரம் நிஜமாகவே சோதனை நடத்தினார்கள். எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். பதினெட்டுத் தேங்காய் உடைத்தால் ஒன்றிலாவது பூ இருக்காதா? இருந்தது. அந்த ஒன்றை மட்டும் தட்டில் வைத்துக் கட்டுரை எழுதி, காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய பத்திரிகைகள் வரை செய்தி ஓடியது. எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள் என்று நிருபர்கள் அநேகமாக யாரும் கேட்கவில்லை. பிறகு போஹானனே உண்மையைப் போட்டு உடைத்தார். உண்மைக்கு அவ்வளவு கால்கள் இல்லாததால் உங்கள் வாட்ஸ்அப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதற்காகக் கொக்கோவை ஒதுக்கிவிட வேண்டாம். பனாமாவில் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா மக்களுக்கு வயதானாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை, நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் ஏறுகிறது என்பதை ஹார்வர்டின் நார்மன் ஹாலன்பர்க் கவனித்தார். தீவில் அவர்கள் கொக்கோ பானத்தைத் தண்ணீர் மாதிரி குடிப்பவர்கள். சந்தேகம் கொக்கோவில் உள்ள ஃபிளாவனால் என்ற சத்தின் மேல் விழுந்தது. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. 2022-ல் அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. ஃபிளாவனால் எடுத்துக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தமாகக் குறைந்தன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் 27 சதவிகிதம் குறைவு.

நல்ல செய்திதானே என்று பிரிட்ஜைத் திறக்காதீர்கள். அவர்கள் விழுங்கியது மாத்திரை, தினம் 500 மில்லிகிராம் ஃபிளாவனால். ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒரு சாக்லேட் கம்பெனியும் உண்டு. கசப்பு போகவும் நிறம் கூடவும் தொழிற்சாலையில் கொக்கோவைக் காரத்தில் போட்டு எடுக்கும்போது இந்தச் சத்தில் பெரும்பங்கு போய்விடும். கடையில் எது மெத்தென்று இனிக்கிறதோ அதில் சரக்கு குறைவு. கசந்தால் இரண்டு துண்டு தின்னுங்கள். இனித்தால் அதைச் சந்தோஷத்துக்காகத் தின்னுங்கள், இதயத்தை வம்புக்கு இழுக்க வேண்டாம்.

*பஜ்ஜிக்கு ஏதாவது நல்லது சொல்லுங்களேன், ப்ளீஸ்.*
– மாலை நாலரை மணிக்காரர், திருச்சி

வாழைக்காய் நல்லது. கடலை மாவு ரொம்ப நல்லது. காயும் எண்ணெய் நேற்றும் காய்ந்ததா என்று மாஸ்டரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் வடையைத் திருப்பினால் கிளம்பிவிடுங்கள்.

*பருப்புச் சாதத்தில் நெய் விட்டால் பேரன் சண்டைக்கு வருகிறான். அவன் ஜிம்முக்குப் போகிறான். எனக்கு 78 வயது. யார் சொல்வது சரி?*
– ஒரு பாட்டி, மதுரை

பாட்டி, ஒரு ஸ்பூன் வரைக்கும் உங்கள் பக்கம். கீரையிலும் காரட்டிலும் பூசணியிலும் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெய்ப் பசையே இல்லாமல் முருங்கைக்கீரையைச் சாப்பிட்டால் சத்தில் கணிசமான பகுதி வந்த வழியே போய்விடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் நான்குக்குமே கொழுப்புதான் வாகனம். பருப்புச் சாதத்தில் நீங்கள் விடும் அந்த ஒரு ஸ்பூனில் ஏறத்தாழ 45 கலோரி. பேரன் குடிக்கும் ஷேக்கில் எத்தனை என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

நெய்க்கு இந்தக் கெட்ட பெயர் வந்த காலத்தில் நாடு முழுக்க வனஸ்பதி டின்கள் நிறைந்திருந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 1937-லேயே டால்டா வந்துவிட்டது. மலிவு, மரக்கறி எண்ணெய், கெடவும் கெடாது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதையும் இறக்கிவிடும் என்பது 1990-களில்தான் பளிச்சென்று தெரிந்தது. டென்மார்க் 2003-ல் முதல் ஆளாகக் கடிவாளம் போட்டது. நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து இரண்டு சதவிகிதம்தான் உச்சவரம்பு. ஆக, நெய்யைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, சாட்சி சொல்ல வந்தவரை அரை நூற்றாண்டு வீட்டில் வைத்து விருந்து போட்டிருக்கிறோம்.

இப்போது பேரன் பக்கம். நெய்யில் 60 சதவிகிதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஸ்பூன் என்று நான் சொன்னதை அகப்பை என்று காதில் வாங்காதீர்கள். மைசூர்பாகுக்கு இந்தப் பதிலில் இடமே இல்லை.

*காரம் தின்று தின்று வயிற்றில் புண் வரப்போகிறது என்கிறார் மனைவி. ஆந்திரா மெஸ்ஸில்தான் தினமும் மதியச் சாப்பாடு.*
– கார சாரமானவர், சென்னை

அல்சருக்கு மிளகாயைத் திட்டாத தலைமுறையே இல்லை. மருத்துவர்களும் காரம், கவலை, அமிலம் என்று சொல்லி மோர்ச் சோற்றை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர் மட்டும், இல்லை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் காரணம் என்றார்கள். அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று சிரித்தது மருத்துவ உலகம். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலை எடுத்துத் தானே குடித்துவிட்டார், மனைவியிடம் சொல்லாமல். சில நாட்களில் வாந்தி. எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்த்தால் இரைப்பை அழன்று கிடந்தது, கிருமி ஜோராகக் குடியிருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. வயிற்றுப் புண்ணின் முக்கியக் காரணங்கள் இந்தக் கிருமியும், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாம் கடலை மாதிரி வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும்.

மிளகாய்க்கு இன்னும் பெருமை உண்டு. காரம் என்பது சுவையே இல்லை, சூட்டை உணரும் நரம்பின் கதவைக் கேப்சைசின் தட்டுவதுதான். அந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும் 2021-ல் நோபல். வலி நிவாரணக் களிம்புகளில் அதே கேப்சைசின் வேலை செய்கிறது. சீனாவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் கவனித்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. வாரத்தில் ஆறேழு நாள் காரம் தின்றவர்களின் இறப்பு விகிதம், எப்போதாவது தின்றவர்களைவிட 14 சதவிகிதம் குறைவு. மிளகாய்தான் காரணமா, அவர்களின் வேறு வழக்கங்களா என்று அந்த ஆய்வு உறுதியாகச் சொல்லாது. நீங்களும் மனைவியிடம் அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருந்தால் காரம் எரியத்தான் எரியும். மெஸ்ஸில் கவலைப்பட வேண்டியது ஆவக்காயின் சிவப்பு அல்ல, உப்பு. ஒரு நாளுக்கு ஐந்து கிராம்தான் கணக்கு.

*சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்களாமே?*
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பெயர் வேண்டாம் என்பதிலேயே பதில் தெரிகிறது. வெண்ணெயும் சீஸும் தின்கிற பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் குறைவாக இருக்கிறதே, ஒயின் காரணமோ என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி கேட்டது. அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. பிறகு ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைப் பார்த்தார்கள். 'குடிக்காதவர்கள்' கணக்கில், உடம்பு கெட்டுக் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யார்தான் ஆரோக்கியமாகத் தெரியமாட்டார்கள்? ஒயினின் ரெஸ்வெரட்ரால் பற்றிப் புகழ்ந்து எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் 145 இடங்களில் தரவுகளைத் திரித்திருந்தார் என்று 2012-ல் அவருடைய பல்கலைக்கழகமே சொன்னது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ரெஸ்வெரட்ரால் திராட்சைத் தோலில்தான் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை வாங்கித் தோலோடு தின்னலாம். பெயரோடும் எழுதலாம்.

*ஐஸ்க்ரீமுக்காகப் பேச இந்த உலகத்தில் ஒரு விஞ்ஞானிகூடவா இல்லை?*
– நம்பிக்கை இழக்காதவர், சேலம்

இருக்கிறார்கள், ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு. 2018-ல் ஹார்வர்டில் ஒரு முனைவர் பட்ட ஆய்வு. சர்க்கரை நோயாளிகளில், தினம் அரை கப் அளவுக்கு ஐஸ்க்ரீம் தின்றவர்களுக்கு இதயப் பிரச்சினை குறைவு என்று கணக்கு வந்தது. தவறாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கணக்கைக் குடைந்தார்கள். முழுதாகப் போகவில்லை. 2002-லேயே பால் இனிப்புகளைப் பற்றி இதுபோல் ஒரு முடிவு வந்து, யாரும் அதைப் பெரிதாகப் பேசாமல் விட்டிருந்தார்கள். அதே சமயம் தயிருக்கு ஆதரவாகக் கிடைத்த முடிவை மட்டும் உலகமே மேளம் கொட்டி அறிவித்தது.

அதிகம் ஒத்துக்கொள்ளப்படும் விளக்கம் இது: சர்க்கரை ஏறி, டாக்டரிடம் திட்டு வாங்கியவர்கள் ஐஸ்க்ரீமை நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பவர்கள் தின்றுகொண்டே இருக்கிறார்கள். கணக்கெடுக்கும்போது தின்பவர்கள் ஆரோக்கியசாலிகளாகத் தெரிகிறார்கள். ஒயின் கதையேதான், கோன் மாறியிருக்கிறது. இருந்தாலும் இன்னொரு தகவல் உங்கள் கையில் இருக்கட்டும். பாலின் கொழுப்பும் புரதமும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், ஐஸ்க்ரீம் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம் பெரும்பாலும் வெள்ளைச் சோற்றைவிடக் குறைவு.

மாம்பழ ஐஸ்க்ரீமா, வெனிலாவா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு, எத்தனை தடவை என்றுதான் ஆய்வாளர்கள் கேட்டுக் குறித்தார்கள். ஃப்ளேவர் உங்கள் இஷ்டம்.